நிஜாம் கடைப் பருப்பு

என் அக்கா கமருன்னிசாவை யாராவது புண்ணியவதி என்று சொன்னால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். "புண்ணியமாவது புடலங்காயாவது! அந்த ஆளை நான் பழிவாங்குனேன். சொன்னா அதைச் சொல்லுங்க, இல்லேன்னா வாயை மூடிட்டுப் போங்க" என்பாள். ஆமத்தூருக்குத் தெற்கே இருக்கிற சின்னச்செங்குளத்தில் இன்றைக்கு ஒருத்தரும் தண்ணீருக்குக் காசு கொடுப்பதில்லை. அதற்குக் காரணம் அவள்தான். ஆனால் ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. வன்மத்தில் செய்தாள். அவள் சொல்கிறபடியே எழுதிவிடுகிறேன். மாற்றி எழுதினால் அடுத்த முறை போகும்போது எனக்குச் சோறு கிடைக்காது.

என் பெயர் அன்வர். விருதுநகர் பஜாரில் பருப்பு கமிஷன் கடை வைத்திருக்கிறேன். அக்காவைச் சின்னச்செங்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த நிஜாமுக்குக் கட்டிக் கொடுத்தோம். மச்சான் அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். கடைக்குப் பின்னால் அவருக்குச் சொந்தமான கிணறு ஒன்று இருந்தது. கண்மாய்க் கரைக்கு நேர் கீழே இருந்ததால் சித்திரை வெயிலிலும் ஊறும். ஊரே அதில்தான் இறைத்தது. யாரும் கேட்டுவிட்டு இறைத்ததில்லை, அவரும் கேட்கவேண்டும் என்று நினைத்ததில்லை. கடைக்குத் துவரம்பருப்பு நான்தான் அனுப்புவேன். பாய் கடைப் பருப்பு முதல் கொதியிலேயே மலர்ந்துவிடும் என்று சொல்லி, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள்களுக்குக்கூட வாங்கிக் கொடுத்தனுப்புவார்கள்.

அந்த ஊருக்குத்தான் அய்யாதுரை அண்ணாச்சி வந்தார். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி, அச்சகம் என்று அவருக்கு இல்லாத தொழில் இல்லை. ஊருக்கு மேற்கே நிலம் வாங்கி, அட்டைப்பெட்டி அடுக்குவதற்கு ஒரு பெரிய கோடவுன் கட்டினார். கோடவுனுக்கு லாரி போகத் தார்ரோடு போட்டார். கண்மாய்க்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவருகிற வரத்துக்காலுக்குக் குறுக்கே அந்த ரோடு போனது. அடியில் ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. அப்புறம் கோடவுனுக்குப் பக்கத்திலேயே நாலு இடத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கி, தண்ணீரைச் சுத்தம் செய்து கேனில் அடைத்து விற்கிற கம்பெனி ஒன்றையும் ஆரம்பித்தார்.

மேலே இருந்து வரத்து நின்றது. கீழே இருந்து ராப்பகலாக உறிஞ்சினார்கள். பிறகு கிணறு என்ன செய்யும்? வற்றிப்போனது. பஞ்சாயத்தில் ஆழமாகத் தோண்டி ஒரு போர் போட்டார்கள். அதில் வந்த தண்ணீர் வாயில் வைத்தால் உப்பு என்று தெரியாது. கொஞ்சம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். நாளாக ஆக அது கெட்டது. கொஞ்சங்கொஞ்சமாகக் கெட்டதால் நாக்கு பழகிப்போனது. நாக்கை ஏமாற்றிவிடலாம், பருப்பை ஏமாற்ற முடியுமா?

பருப்பு வேகவில்லை.

குக்கரில் விசில் மேல் விசில் விட்டாலும் பருப்பு முழித்துக்கொண்டு கிடந்தது. உப்புத்தண்ணீரில் பருப்பு வேகாது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இது உப்புத்தண்ணீர் என்று யாருக்கும் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள மனசில்லை. தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொன்னால் ஏன் கெட்டது என்று கேட்க வேண்டும். கேட்டால் அய்யாதுரை அண்ணாச்சியிடம் போய் நிற்க வேண்டும். ஊரில் பாதிப் பெண்கள் காலையில் அவருடைய பட்டாசுக் கம்பெனி வேனில்தான் ஏறிப் போகிறார்கள். அவரைக் குறை சொல்வதைவிடக் கையெட்டும் தூரத்தில் இருக்கிற நிஜாமைக் குறை சொல்வது சுலபம்.

முதலில் வந்தவள் பேச்சியம்மாள், எதிர்வீட்டுக்காரி. வேகாத பருப்பைச் சட்டியோடு கொண்டுவந்து கடைப்படியில் கவிழ்த்தாள்.

"நீங்களே தின்னுங்க பாய். எந்தக் காலத்துப் பருப்பை எங்க தலையில கட்டுறீக?"

"புதுப் பருப்பும்மா. போன வாரம்தான் மச்சினன் அனுப்புனான்" என்றார் மச்சான். "தண்ணியில ஏதோ கோளாறு இருக்கு தாயி."

"ஆமா, வேகலேன்னா தண்ணி மேல பழியைப் போடுங்க!"

அவர் எனக்கு போன் போட்டார். நான் வேறு மூட்டை அனுப்பினேன். அதுவும் வேகவில்லை. இந்த பஜாரில் அன்வர் பருப்பு என்றால் கையில் அள்ளிப் பார்க்காமலே வாங்குவார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நேரே போய் அவருடைய பருப்பை விருதுநகருக்குக் கொண்டுவந்து என் வீட்டில் அவித்தேன். வெண்ணெயாக வெந்தது. அதை ஊரில் சொன்னால், நீ அவர் மச்சினன், அப்படித்தான் சொல்லுவாய் என்றார்கள்.

இதோடு போயிருந்தால்கூட அக்கா பொறுத்திருப்பாள். கேன் கம்பெனிக்காரர்கள் இதைக் காதில் வாங்கினார்கள். யாருக்கு உதித்த யோசனையோ தெரியவில்லை, அண்ணாச்சிக்குத் தெரிந்துதான் நடந்தது. கேன் ஏற்றிவருகிற ஆட்டோவில் மைக் கட்டினார்கள். ஓட்டுகிறவன் கருத்தப்பாண்டி. பெரிய தொண்டை அவனுக்கு. அவன் ஊருக்குள் நுழைந்ததும் ஆரம்பிப்பான்:

"வாங்கம்மா வாங்க! நம்ம கேன் தண்ணியில வச்சா எது வேணும்னாலும் வேகும்! நிஜாம் கடைப் பருப்பும் வேகும்!"

ஊர் சிரித்தது. வாங்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தார்கள். வெந்தது. இப்போதாவது புரிந்திருக்க வேண்டுமே, பருப்பில் குற்றமில்லை, தண்ணீரில்தான் குற்றம் என்று! புரியவில்லையே! மட்டமான பருப்பைக்கூட வேகவைக்கிற தண்ணீர் என்று கேனுக்குப் பேர் வந்தது. கல்லைக்கூட வேகவைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். இந்த மாதிரிப் புத்தியை எந்த ஊரிலும் பார்க்க முடியாது.

மச்சான் கடையில் உட்கார்ந்தபடியே காலையிலும் சாயங்காலமும் அந்த மைக்கைக் கேட்டார். ஒருநாளும் எழுந்து போய்ச் சண்டை போடவில்லை. அவர் சண்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். ஆள் வற்றிப்போனார். ஒரு நாள் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் மவுத்தாகிவிட்டார்.

எங்களில் கணவன் இறந்தால் பெண் கொஞ்ச காலம் வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், இத்தா என்று சொல்வோம். அக்கா அந்த வீட்டுக்குள் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஆட்டோ வரும். "நிஜாம் கடைப் பருப்பும் வேகும்!" ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பாவி வசனத்தை மாற்றவில்லை. எழுந்து போய் அவன் சட்டையைப் பிடிக்க முடியாது, வாசலில் நின்று ஒரு வார்த்தை திட்டக்கூட முடியாது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கத்துறவன் கூலிக்காரன். அவனை விடு" என்றாள் ஒருநாள். "அய்யாதுரை வாயாலயே எம் புருசன் பருப்புல குத்தமில்லேன்னு ஊரு கேக்கணும். அந்தக் கேன் கம்பெனி இழுத்து மூடணும். அதைப் பாக்காம நான் கண்ணை மூட மாட்டேன் அன்வரு."

இத்தா முடிந்து அவள் முதன்முதலில் வெளியே போனது என்னோடு, விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு. வியாபாரிகள் நடத்திய தொழில் வளர்ச்சி விழா. எனக்கு அழைப்பு இருந்தது. அய்யாதுரைக்கு விருது என்று கேள்விப்பட்டு, நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். அவர் மூஞ்சியை ஒரு தரம் நல்லாப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மேடையில் பெரிய திரை. ஊர் ஊராகக் கோடு போட்டு, எங்கே எவ்வளவு வியாபாரம் வளர்ந்திருக்கிறது என்று காட்டினார்கள். சின்னச்செங்குளத்துப் பக்கத்துக் கோடு கூரையை முட்டியது. அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார்.

"பத்து வருசம் முந்தி அங்கன என்ன இருந்துச்சு? ஒரு பலசரக்குக் கடை. ஒரு கிணறு. கிணத்துத் தண்ணி காலங்காலமாச் சும்மா கெடந்துச்சு. அதுனால ஊருக்கு ஒத்த ரூவா வியாபாரம் உண்டா? இன்னைக்குப் பாருங்க. கேன் கம்பெனி ஓடுது, வண்டி ஓடுது. வீட்டுக்கு வீடு குக்கர், கேஸு. மருந்துக்கடை வந்திருக்கு. ஸ்கேன் எடுக்க வண்டி ஊருக்குள்ளயே வருது. இதுக்குப் பேருதான் செழிப்பு!"

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கேஸ் ஏன் அதிகமாக விற்கிறது? பருப்பு வேகாமல் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, அதனால். ஸ்கேன் வண்டி ஏன் வருகிறது? பஞ்சாயத்துத் தண்ணீரைக் குடித்து வீட்டுக்கு ஒருத்தர் சிறுநீரகக் கல்லோடு சுருண்டு கிடக்கிறார்கள், அதனால். அந்தப் பெண்கள் பட்டாசுக் கம்பெனியில் வாங்குகிற கூலியைக் கேனுக்குக் கொடுக்கிறார்கள். கேனுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை மருந்துக்குக் கொடுக்கிறார்கள். எல்லாம் வியாபாரம்தான், எல்லாவற்றையும் கூட்டியிருந்தார்கள். கூட்டத் தெரிந்த அந்த மேதாவிகளில் ஒருத்தருக்கும் கழிக்கத் தெரியவில்லை. வற்றிப்போன கிணற்றை எங்கே கழித்தார்கள்? என் மச்சானை எங்கே கழித்தார்கள்?

நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா சிரித்தாள்.

"இந்தாளைக் கவுக்குற வழியை அவரு வாயாலயே சொல்லிட்டாருலே" என்றாள்.

"என்ன வழி?"

"சும்மா கெடக்குற தண்ணிதான் அவருக்கு ஆகாது. அவரு கேனுக்குப் போட்டியா நாம வேற கேன் வித்தா அவரு இன்னும் வளருவாரு. அதே தண்ணி சும்மா கெடச்சா எவ அந்தக் கேனை வாங்குவா?"

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. வரத்துக்காலைத் திறக்க வேண்டும், கண்மாயைத் தூர்வார வேண்டும், கிணறு ஊற வேண்டும். ஊர் வாழவா? ஐயோ, அதெல்லாம் இல்லை. அய்யாதுரை விழ வேண்டும்.

அக்டோபர் மாதக் கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள். பஞ்சாயத்துத் தலைவி பொன்னுத்தங்கத்துக்கு அதில் சம்மதம்தான். நூறு நாள் வேலையில் ஆள் விட்டுக் கருவேல முள்ளை வெட்டலாம், வரத்துக்காலைத் தோண்டலாம். ஆனால் ரோட்டை உடைத்து அடியில் பாலம் வைப்பது யார்? அந்தத் தார்ரோடு அண்ணாச்சி போட்டது. பக்கத்து நிலம் அண்ணாச்சியுடையது. அதைத் தொட்டால் கோர்ட்டில் கேஸ் நடக்கும், வருஷக்கணக்கில் இழுக்கும்.

"தொட வேண்டியது நாம இல்லே. அவரே உடைப்பாரு" என்றாள் அக்கா.

பொன்னுத்தங்கத்தையும் கூட்டிக்கொண்டு சிவகாசியில் அவருடைய ஆபீசுக்குப் போனாள். நான் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். உள்ளே அண்ணாச்சியும் அவருடைய மேனேஜர் மணிகண்டராஜும் இருந்தார்கள். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற பவ்யத்தைப் பார்த்தால் நீங்கள் சத்தியம் செய்வீர்கள், இவளை மாதிரிப் பணிவான பொம்பளை ஜில்லாவில் இல்லை என்று.

"வாங்க பாயம்மா. நிஜாம் விசயம் கேள்விப்பட்டேன். பாவம்" என்றார் அவர். பாவமாம்!

"அண்ணாச்சி நல்லா இருக்கணும்" என்றாள் அக்கா. என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. "விழாவுல உங்க பேச்சைக் கேட்டேன். எம்புட்டுப் பெரிய மனசு! ஊருக்கு எல்லாம் செஞ்சுட்டீக. ஒரே ஒரு கொறை. கண்மாய்க் கரையில உங்க பேரே இல்லே."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்மாயைத் தூர்வாரி, உங்க ரோட்டுக்கு அடியில ஒரு பாலமும் போட்டுட்டீகன்னா, கரையில பெரிய போர்டு வச்சுரலாம். நாடு போற்றும் தர்மவான் அய்யாதுரைன்னு எழுதிருவோம். அதிகாரிமாரைக் கூப்பிடுவோம், பேப்பர்ல போட்டோ வரும். அடுத்த வருசம் அதுக்கும் ஒரு விருது குடுக்க மாட்டாகளா?"

மணிகண்டராஜ் குனிந்து மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எங்களுக்குக் கேட்டது. "அண்ணாச்சி, கண்மாய் பெருகுனா நம்ம கேன் யாவாரம்..."

 அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி சிரித்தார். "ஏலே, கண்மாய் பெருகுறதுக்கு இங்கன எங்கலே மழை பெய்யுது? அது நெறஞ்சு என் ஆயுசுல பாத்ததில்லே. ஜேசிபி நம்மளது, டிரைவர் நம்ம ஆளு. செஞ்சு போட்டோ எடுத்துக்கிட்டா அதுவும் கம்பெனி கணக்குல ஒரு செலவு. பாயம்மா, போர்டுல என் படம் பெருசா இருக்கணும்."

"ஆளுயரத்துக்கு வச்சுருவோம் அண்ணாச்சி."

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. "பாவம்னு சொன்னானே அன்வரு, கேட்டியா" என்றாள்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு விட்டுவிடுவார்கள். வேன் வராது, பெண்களுக்குக் கையில் வேலை இருக்காது. அந்த நாட்களில்தான் வேலை நடந்தது. அண்ணாச்சியின் ஜேசிபி அவருடைய ரோட்டையே பிளந்தது. குழாய்ப் பாலம் வைத்தார்கள். பெண்கள் முள்ளை வெட்டினார்கள், வரத்துக்காலில் மண் அள்ளினார்கள். அக்காவும் மண்வெட்டியோடு இறங்கினாள். பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று சட்டி சுமந்தாள். அவளோடு அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் தலையில் சட்டியைத் தூக்கி வைக்கிறபோதுகூட.

வேலை முடிந்தது, மழை வரவில்லை.

வெயில் காய்ந்தது. வெறும் கண்மாய்க் கரையில் அய்யாதுரை ஆளுயரப் போர்டில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். கருத்தப்பாண்டி போர்டுக்குக் கீழே ஆட்டோவை நிறுத்தி நிழலில் பீடி குடித்தான். பெண்கள் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். அக்கா நோன்பு வைத்தாள். ஊருக்காக நோன்பு வைக்கிறாள், என்ன ஒரு மனுஷி என்று எல்லாரும் உருகினார்கள். என்ன கேட்டு வைக்கிறாள் என்று எனக்குத்தான் தெரியும். மழையே அவளுக்கு ரெண்டாம்பட்சம்.

கார்த்திகை பாதியில் மேற்கே கறுத்தது. அப்புறம் பெய்தது பாருங்கள், அப்படி ஒரு மழை. வரத்துக்கால் செந்தண்ணீராகக் கொப்பளித்துக்கொண்டு ஓடி, அண்ணாச்சி ரோட்டுக்கு அடியில் அவர் காசில் வைத்த குழாய் வழியாகவே பாய்ந்து, கண்மாயில் விழுந்தது. கண்மாய் நிறைந்து, மறுவாரமே கடைக்குப் பின்னால் கிணற்றில் ஈரம் தட்டியது. பிறகு ஊற்று கண் திறந்தது. மார்கழி பிறப்பதற்குள் உறை அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. பேச்சியம்மாள்தான் முதல் வாளி இறைத்தாள். கையில் ஏந்திக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். 

அண்ணாச்சிக்கு ஒரே குஷி. கண்மாய் நிறைந்த படம் எங்கும் போய்விட்டது. கண்மாய்க் கரையில் தன் பேரில் விழா எடுக்கத் தானே பந்தல் போட்டார். அதிகாரிகள் வந்தார்கள், சிவகாசி முதலாளிமார் வந்தார்கள். மணிகண்டராஜ் மட்டும் பந்தலுக்கு ஓரத்தில் பேயறைந்தவர் மாதிரி நின்றார். அவருக்குக் கேன் லோடு திரும்பி வருகிற கணக்குத் தெரியும். ஆனால் மாலை போட்டுக்கொண்டு நிற்கிற முதலாளியிடம் அதை யார் சொல்வது?

ஊர் சார்பில் நன்றி சொல்ல அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் சும்மா போகவில்லை. பந்தலுக்குப் பின்னால் காலையிலிருந்து ஒரு அண்டாவில் துவரம்பருப்பு வெந்துகொண்டிருந்தது. நான் அனுப்பிய பருப்பு, கிணற்றுத் தண்ணீர். அதைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி மேடைக்கு முன்னால் இறக்கினாள். கரண்டியில் அள்ளி, மேடையில் இருந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் இலைத் தொன்னையில் கொடுத்தாள். முதல் தொன்னை அய்யாதுரைக்கு.

"சாப்பிடுங்க அண்ணாச்சி. வெந்திருக்கா?"

"பஞ்சு மாதிரி இருக்கும்மா" என்றார் அவர், மைக் பக்கத்தில் இருப்பது தெரியாமல்.

"பருப்புல எதுவும் குத்தம் இருக்கா?"

"ஒரு குத்தமும் இல்லே. முதல் தரம்!"

மைக்கில் அது ஊர் முழுக்கக் கேட்டது. அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். 

"கேட்டீகளா? இது நிஜாம் கடைப் பருப்பு. அதே பஜாரு, அதே மூட்டை. கிணத்துத் தண்ணியில வேகுது. அப்ப வேகாததுக்கு எது காரணம்? கிணத்தை வத்தவச்சது யாரு? எம் புருசனைத் தெருத்தெருவா மைக்கு போட்டுச் சிரிச்சது யாரு? நான் சொல்லலே. அண்ணாச்சியே இப்ப உங்க எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டாக, பருப்புல குத்தமில்லேன்னு."

 அண்ணாச்சி கையில் தொன்னை அப்படியே நின்றது.

"இன்னொண்ணும் சொல்லிருறேன். இனிமே இந்த ஊருல ஒருத்தியும் கேன் வாங்க வேண்டாம். அண்ணாச்சி சொந்த ரோட்டை உடைச்சு, சொந்த ஜேசிபியை விட்டு, அவுக கேன் கம்பெனிக்கு அவுகளே குழி தோண்டிக் குடுத்துட்டாக. இப்பேர்ப்பட்ட தர்மவானைப் பாத்திருக்கீகளா? எல்லாரும் நல்லாக் கை தட்டுங்க!"

முதலில் தட்டியது பேச்சியம்மாள். அப்புறம் பட்டாசு வேன் பெண்கள் அத்தனை பேரும். மேடையில் இருந்த அதிகாரிகளுக்கு என்ன ஏதென்று புரியவில்லை, அவர்களும் தட்டினார்கள். எல்லாரும் தட்டும்போது தான் மட்டும் சும்மா நிற்க முடியுமா? அய்யாதுரை தொன்னையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் தட்டினார். அந்த மூஞ்சியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். என்னமோ போங்க, எனக்கு அன்றைக்கு வயிறு குளிர்ந்தது.

கேன் வண்டி போன லோடோடு திரும்பி வர ஆரம்பித்தது. சின்னச்செங்குளத்தைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர்களும் அவரவர் வரத்துக்காலைத் திறந்தார்கள். பங்குனி வருவதற்குள் மிஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். கேஸ் சிலிண்டர் முன்னைவிட நாள் தாங்குகிறது என்று பெண்கள் சொன்னார்கள். ஸ்கேன் வண்டி வருவது குறைந்து நின்றேபோனது. கருத்தப்பாண்டிக்கு வேலை போனது. ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். அக்கா கடையைத் திறந்திருந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூட்டை தூக்குவியாலே?"

"தூக்குவேன்க்கா."

"வாசலைப் பெருக்குவியா? எம் புருசன் கடை வாசலை?"

அவன் துடைப்பத்தை எடுத்தான். இரக்கத்தில் சேர்த்துக்கொண்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். அவன் தினமும் குனிந்து பெருக்குவதைப் பார்க்கிறபோது அவள் முகத்தில் இருப்பது இரக்கமில்லை என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியும்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தபோது கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அய்யாதுரை இறங்கினார், தனியாக. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பாயம்மா, நடந்தது நடந்துபோச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இதுல உனக்கு என்ன லாபம்? உனக்கு ஒரு பைசா வந்துச்சா?"

"வரலே அண்ணாச்சி."

"கேன் கம்பெனி போச்சு. வண்டிக்காரன் பொழப்புப் போச்சு. மருந்துக்கடைக்காரன் காலி பண்ணிட்டுப் போயிட்டான். இந்த வருசம் கணக்கு எடுத்தா உங்க பக்கம் கோடு தரையில கெடக்கும். ஊரே பின்னாடி போயிருச்சுன்னு எழுதுவாக. அது தெரியுமா உனக்கு?"

"எழுதட்டும். எழுதுறவுகளை ஒரு நாள் இங்கன சாப்பிட வரச்சொல்லுங்க."

 அவர் தெருவைப் பார்த்தார். பெண்கள் குடத்தோடு கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஒருத்தியும் அவரைப் பார்த்து நிற்கவில்லை.

"நெஞ்சு காயுது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

கருத்தப்பாண்டி எழுந்தான். அக்கா அவனை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே போய் இறைத்து, சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை அவள் நின்று பார்த்தாள். ஒரு மடக்கைக்கூட விடாமல் பார்த்தாள். சொம்பு காலியானதும் அவர் அதை நீட்டினார், இன்னொன்று கேட்கிற மாதிரி. மறுபடியும் இறைத்துக் கொடுத்தாள். அதையும் குடித்தார்.

"நல்ல தண்ணி" என்றார் முணுமுணுப்பாக. பழக்க தோஷம், கை தானாகச் சட்டைப் பையில் போனது. ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் பலகையில் வைத்தார்.

அக்கா அந்தத் தாளை எடுத்து, நாலாக மடித்து, அவர் பையிலேயே திரும்பச் செருகிவிட்டாள்.

"வச்சுக்கோங்க அண்ணாச்சி. இந்தத் தண்ணியும் யாவாரமாகி உங்க கோட்டுக் கணக்குல ஏறிருச்சுன்னா நான் தோத்துருவேன்."